சிவப்பு விளக்கும் ஒரு குடம் தண்ணீரும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் கார் ஓட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஏறினேன். வளைவுக்கு மேல் வளைவு. கண் ரோட்டில் இருக்க வேண்டும். என் கண் எங்கே இருந்தது தெரியுமா? ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெரிகிற பேட்டரி பெர்சென்ட்டில்.

கள்ளக்குறிச்சியில் கிளம்பும்போது ஐம்பத்தொன்று. அடிவாரம் வந்தபோது நாற்பத்தி நான்கு. ஏற ஆரம்பித்ததும்... நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. ஏசியை அணைத்தேன். பாட்டை அணைத்தேன். போன் சார்ஜரைப் பிடுங்கினேன். மூச்சைக்கூடக் கொஞ்சம் கம்மியாகத்தான் விட்டேன் என்று நினைக்கிறேன்.

பின் சீட்டில் அம்மா.

"ரோட்ட பாருடி. அந்த நம்பர மொறச்சிப் பாத்தா ஏறிடுமா?"

"எறங்கிக்கினே இருக்குதும்மா."

"நாமதான் ஏறிக்கினு இருக்கோமே. யாராவது ஒருத்தரு எறங்கத்தான் செய்யணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியும். கள்ளக்குறிச்சியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவன். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்து, முதல் நாளே பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் ஏற்ற விட்டவன். மாசி மாதம் அவன் செத்துப்போனான். முப்பத்தொரு வயது. கடையில் மோட்டாருக்குக் காப்பர் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

நடுவில் நான்கு வாரம் நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். இதை இன்னும் நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் நான்.

அப்போது அண்ணிக்கு ஏழு மாதம். காரியம் முடிந்ததும் அவளுடைய அம்மா வந்து, வெள்ளிமலை தாண்டி இருக்கிற அவர்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் மிஞ்சியது அம்மாவும், நானும், அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிய வெள்ளை எலெக்ட்ரிக் காரும்.

அந்தக் கார் பங்குனியில் சாப்பாட்டை நிறுத்தியது.

புரியவில்லையா? எங்கள் வீட்டில் சார்ஜ் போடுவதற்கு வெளிச்சுவரில் ஒரு பெரிய ப்ளக் உண்டு. அதில் சார்ஜர் பெட்டியை மாட்டி, ஒயரைக் காரில் சொருகினால் பச்சை விளக்கு எரியும். காலையில் வண்டி ரெடி. ஒரு நாள் மாட்டுகிறேன், சிவப்பு. பிடுங்கி மாட்டினேன், சிவப்பு. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன் – டிவி ரிமோட்டைத் தட்டுகிற மாதிரி. அப்போதும் சிவப்பு.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "எர்த்திங் செக் பண்ணுங்க மேடம்" என்றார்கள். எங்கள் தெருவில் இருக்கிற வயர்மேன் மாமாவைக் கூப்பிட்டேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தார்.

"கரண்டு ஜம்முனு வருது. எர்த்து ஒயரு இருக்குது, பைப்பு இருக்குது. இன்னும் இன்னா வேணுமாம்? உன் வண்டியிலதாம்மா கோளாறு."

மறுபடி கம்பெனி. "செக் பண்ணியாச்சு சார்." – "இன்னொரு வாட்டி செக் பண்ணுங்க மேடம்."

அம்மா பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஓட்டுனவன் போயிட்டான்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சிடி."

சிரிக்காதீர்கள். நானும் பாதி நம்பினேன்.

அன்றிலிருந்து எனக்கு பைபாஸ் ஓட்டல்தான் கதி. அங்கே ஒரு பெரிய சார்ஜர் இருக்கிறது. அது நம் வீட்டுப் ப்ளக்கை நம்பி இருப்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஊருக்கு எத்தனை சந்தேகம்!

"இன்னா பாப்பா, ஒரு வாட்டி போட்டா எவ்ளோ தூரம் போவும்?"

"மழ பேஞ்சா ஷாக் அடிக்காதா?"

"நடுக்காட்டுல நின்னுட்டா இன்னா பண்ணுவ?"

முதல் இரண்டுக்கும் பதில் மனப்பாடம். மூன்றாவதைக் கேட்டால் டீ உள்ளே இறங்காது. ஏனென்றால் நானும் தினமும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அண்ணி போன் பண்ணினாள்.

"டாக்டரம்மா இனிமே மேல இருக்க வேணான்ட்டாங்க. பெரியாஸ்பத்திரி பக்கமா போய் இருந்துக்கோன்றாங்க. எப்ப வேணா வலி வருமாம். ஜீப்புல வர பயமா இருக்குது... நீ வர்றியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடனே பைபாஸுக்கு ஓடினேன். ஐம்பத்து மூன்று வரைக்கும் ஏறி, அந்தப் பெரிய சார்ஜரும் நின்றுபோனது. ஓட்டல்காரர் வந்து அட்டையில் 'ரிப்பேர்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போனார். எனக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி!

என் பயம் ஒன்றே ஒன்றுதான். ஒன்பது மாத வயிற்றோடு அண்ணி பின் சீட்டில். நடு மலை. செல்லில் சிக்னல் இல்லை. டிஸ்ப்ளேவில் பூஜ்யம். அண்ணன் இல்லாத வீட்டுக்கு மிச்சமிருப்பது அந்தப் பிள்ளை. அதை நான் ரோட்டில் நிறுத்திவிட்டால்?

இருபத்து மூன்றில் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத்தான் பார்த்தாள். நான் இறங்கியதும் ஒரு நொடி... பிறகுதான் சிரித்தாள். அந்த வண்டி வந்தால் யார் இறங்குவார் என்று பழகிப்போன கண்.

அந்த வீட்டுச் சுவரிலும் ஒரு ப்ளக் உண்டு. மாமியார் வீட்டுக்கு வந்தால் போட வேண்டும் என்று அண்ணனே வைத்தது. சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மாட்டினேன்.

சிவப்பு.

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மாசியில்கூட அவ்வளவு சத்தமாக நான் அழவில்லை.

அண்ணியின் அம்மா – அத்தை என்றுதான் கூப்பிடுவேன் – கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னாத்துக்குக் கண்ணு அழுவுற?"

"இங்கயும் செவப்பு அத்த."

"தண்ணி ஊத்துனியா?"

"எதுக்கு?"

"எர்த்து குழிக்கு."

அவர் உள்ளே போய் ஒரு குடம் தூக்கிக்கொண்டு வந்தார். சுவர் ஓரத்தில் ஒரு பைப்பு மண்ணில் இருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஊற்றினார். மண் 'கொர்'ரென்று குடித்தது. இன்னொரு குடம். அதையும் குடித்தது.

"மாப்ளதான் இந்தக் குழியத் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பைப்ப எறக்கிச்சி. 'அத்த, வெயிலுல மண்ணு காஞ்சா இந்தப் பொட்டி வேல செய்யாது, செவப்பு காட்டும். நான் வரன்னு போன் போட்டா ரெண்டு கொடம் ஊத்தி வையுங்க'ன்னு சொல்லி வச்சிது." குடத்தைக் கீழே வைத்தார். "நேத்து நீ வரன்னு சொன்னப்ப எனக்கு அந்த நெனப்பே வர்ல கண்ணு... போன் போட்டது அது இல்லியே."

மாட்டினேன். பச்சை.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப எங்க வூட்ல யாரு ஊத்துனா? ஒரு நாளும் யாரும் ஊத்துல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது.

எங்கள் வீட்டில் அந்தப் பைப்பு, பின்பக்கம் துவைக்கிற கல்லை ஒட்டி இருக்கிறது. கடையில் இருந்து வந்ததும் ஆறு மணிக்கு அண்ணன் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் குளிப்பான். வீட்டுக்குள் டைல்ஸ் போட்ட பாத்ரூம் இருக்கிறது! அம்மா தினமும் கத்துவாள்: "நாலு பேரு பாக்கிற மாரி வெளிய இன்னாத்துக்குடா குளிக்கிற?" அவன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொல்வான்: "நான் குளிச்சாதாம்மா காரு சாப்புடும்." கிண்டல் என்று நினைத்தோம். மாமியார் வீட்டில் அவன் இருக்க மாட்டான், அதனால் சொல்லி வைத்தான். சொந்த வீட்டில் நாமே இருக்கப்போகிறோமே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டான்.

மாசியில் அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அந்தக் கல்லின் மேல்தான். சொந்தக்காரர்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். மறுநாள் அம்மா நான்கு தென்னை ஓலையை இழுத்து வந்து கல்லை மூடினாள். "இனிமே இங்க ஒரு சொட்டுத் தண்ணி உழக் கூடாது." நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கார் சார்ஜ் ஏறியது. எந்த ஈரத்தில் என்று இப்போது தெரிகிறது.

நம் வீட்டில் ஒருவர் செய்கிற வேலையில் பாதி நமக்கு வேலையாகவே தெரிவதில்லை, இல்லையா? அவர் போன பிறகு ஒவ்வொன்றாக நிற்கும். நாம் வயர்மேனைக் கூப்பிடுவோம்.

சாப்பிட்டு, வெயில் தாழும்வரை இருந்து, அண்ணி துணிமணி எடுத்து வைத்து, அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்ப வருவதற்குள் ஐம்பத்தாறு ஏறியிருந்தது. இறக்கத்தில் நான் மறுபடி நம்பரையே பார்க்க, பின்னால் இருந்து அண்ணி சொன்னாள்:

"ஆக்சிலேட்டர்ல கால வைக்காம வா. எறங்கும்போது தானா ஏறும். உங்கண்ணன் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினே வருவாரு."

அடிவாரத்தில் ஐம்பத்தெட்டு. இருபத்து மூன்றே இருந்திருந்தாலும் வீடு வந்து சேர்ந்திருப்போம் போல. பயத்துக்கு இதெல்லாம் தெரியுமா?

வீட்டுக்கு வந்ததும் ப்ளக்கில் மாட்டினேன். சிவப்பு. எதிர்பார்த்ததுதான். ஐம்பது இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம்தான், ஒரு தடவைக்குப் போதும். ஆனால் ராத்திரியோ பகலோ எப்போது வலி வரும் என்று தெரியாத வீட்டில், தினமும் இறங்கிக்கொண்டே போகிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பைபாஸில் அட்டை தொங்குகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓலையை எடுக்க வேண்டும். அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

கேட்கவில்லை. குடத்தோடு போய் ஓலைக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன்.

அம்மா வந்தாள். என்னையும் பார்த்தாள், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணியின் வயிற்றையும் பார்த்தாள். குனிந்து ஓலையை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டாள். அடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"குடு இப்டி."

குடத்தை வாங்கி, பைப்புக்குப் பக்கத்தில் ஊற்றவில்லை. கல்லின் மேல் ஊற்றினாள். தண்ணீர் கல்லில் விழுந்து, வழிந்து, வழக்கமான வழியில் போய்ப் பைப்படியில் தேங்கியது. இரண்டாவது குடத்தில் விளக்கு பச்சையானது.

இதை எழுதும்போது அண்ணிக்கு இன்னும் வலி வரவில்லை. கார் தொண்ணூற்றாறு. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி ஆறு. அம்மா பின்பக்கம் மூன்றாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

"போதும்மா, ரெண்டு கொடமே ஜாஸ்தி" என்றேன்.

"சும்மா இருடி. அவன் என்னிக்கி ரெண்டு கொடத்துல குளிச்சான்?"