அத்தானின் கொங்கிறீட் ஜெட்டி

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். அக்காவின் கணவர் கனடாவிலிருந்து வந்து பொல்கொட ஏரிக்கரையில் ஒரு வளவு வாங்கியபோதும் அதுதான் நடந்தது. அங்கே படகில் ஏறி இறங்க எப்படிப்பட்ட படகுத்துறை, அதாவது ஜெட்டி, கட்டலாம் என்று கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இடியப்பத்தோடு கூட்டம் போட்டோம். கூட்டம் என்றால், அத்தான் பேசினார்.

ஜெட்டி அப்பாவுக்காகத்தான். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து கப்பல்களின் பெயர்களை எழுதிக் குவித்தவர், ஒரு வள்ளத்தில்கூட ஏறியதில்லை. இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. மட்டமான தரையில் தடியோடு நடப்பார். படி இறங்க முடியாது. ஒரேயொரு முறை படகில் ஒரு சுற்றுப் போகவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

மிதக்கும் ஜெட்டி போட்டால் அது தண்ணீரோடு ஏறி இறங்கும், படகும் எப்போதும் அதன் மட்டத்திலேயே நிற்கும். ஏரிக்கரைப் படகுக்காரர் இதை அத்தானிடம் சிங்களத்தில் விளக்கிச் சொல்லியிருந்தார். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"பீப்பாக்கு மேலை பலகை போட்டு ஆடுறதெல்லாம் ஒரு ஜெட்டியோ? கொங்கிறீட் போடுவம். நூறு வருசம் நிக்கும்."

எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு சீமெந்து என்றால் சாமி மாதிரி. கிணற்றடியிலிருந்து கோயில் வீதி வரை பூசாமல் விட்ட இடமில்லை. அக்கா தலையாட்டினாள். அம்மா அத்தானுக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். சிவில் எஞ்சினியரான நான் சொதியை ஊற்றிக்கொண்டு, "ஓம் அத்தான், அதுதான் நல்லம்" என்றேன்.

வெள்ளம் வரும் என்று உயர்த்தி வேறு கட்டினார்கள். மேலே பளபளப்பான ஓடு, இரண்டு பக்கமும் விளக்கு. மழைக்காலம் முடிந்து ஏரி வற்றிக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்தார். அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு விளிம்பு வரை நடந்து வந்தார். படகு இடுப்பளவு பள்ளத்தில் நின்றது.

"தூக்கி இறக்குவம் மாமா" என்றார் அத்தான்.

"மூட்டை மாதிரி என்னை இறக்கவேண்டாம் தம்பி. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அத்தானும் அக்காவும் போனார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானை நினைத்து மனதுக்குள் திட்டியபடி அப்பா உட்காரக் கதிரை கொண்டுவந்து போட்டேன்.

"நீ படிச்சது இதுகளைத்தானே?" என்றார் அப்பா.

"ஓமப்பா."

"உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும். அத்தான் கதைக்கேக்கை நான் எப்பிடியப்பா..."

அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்காகக் கதைக்க அங்கை ஒருத்தரும் இருக்கேல்லை."