நம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிதில் மலாக்காவில் ஆளாளுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார்கள். குடியுரிமைக்கு ஒரு சொல், வாக்குச் சீட்டுக்கு ஒரு சொல், தொகுதிக்கு ஒரு சொல். என் பங்குக்கு வந்தது கடவுள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசகசாலை மாடியில் ஒரு சமயத் தத்துவ வகுப்பு நடந்தது. நடத்தியவர் ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளியிருந்தார். தமிழில் சொல்லத்தான் வரவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, ஆங்கிலமும் படித்தவள். சொற்களை நான் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர் என்பதற்கெல்லாம் தமிழில் பஞ்சமே இல்லை. தேவாரம் பாடிய மொழிக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? உலகத்தின் ஒழுங்கைக் காட்டிக் கடவுள் உண்டு என்று நிறுவுவதற்கு 'ஒழுங்கு வாதம்' என்று பெயர் வைத்தேன். கடவுள் உண்டா இல்லையா என்று மனிதனால் அறியவே முடியாது என்பவனுக்கு என்ன பெயர் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு 'அறியொணாவாதி' என்று கொண்டுபோனேன். வகுப்பில் ஒருவருக்கும் அது வாயில் நுழையவில்லை. கடைசியில் 'தெரியாதுங்கிறவர்' என்றே வைத்துக்கொண்டோம்.

கடவுள் வல்லவர், கடவுள் நல்லவர், உலகத்தில் தீமையும் இருக்கிறது. இந்த மூன்றும் எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பது பழைய கேள்வி. அதற்குத் 'தீமைச் சிக்கல்' என்று பெயர் கொடுத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய கிராணி அதைப் பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். அன்று என் வீட்டில் எந்தத் தீமையும் இல்லை. அதனால்தான் அவ்வளவு அழகான பெயர் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

இடறியது ஒரே இடத்தில்தான். ஆங்கிலத்தில் பிலீஃப் வேறு, ஃபெய்த் வேறு, ஹோப் வேறு. ஒன்று உண்மை என்று கொள்வது ஒன்று. கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது இன்னொன்று. நாளைக்கு நல்லது நடக்கும் என்று காத்திருப்பது மற்றொன்று. தமிழில் மூன்றுக்கும் நம்பிக்கை, நம்பிக்கை, நம்பிக்கை. விசுவாசம் என்றேன். அது மாதா கோயில்காரர்கள் சொல் என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். பற்றுறுதி என்றேன், யாருக்கும் பிடிக்கவில்லை. "ஒரு சொல்லே போதும் டீச்சர், சிக்கனமா இருக்கு" என்று பெரிய கிராணி சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என் கணவர் அந்த வகுப்புக்கு வந்ததில்லை. வந்தாலும் புரியாது. அவர் காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். நெற்றியில் திருநீறு, வீட்டுக்கு முன்னால் மாவிலைத் தோரணம், பொங்கலுக்கு முந்திய நாள் முன்னோர்க்கு வாழையிலையில் படையல், எல்லாம் எங்களைவிட ஒருபடி கூடவே செய்வார்கள். ஆனால் பேச்சு மலாய்தான், அதுவும் அவர்களுடைய மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலில் காதில் விழுந்தவை: அர்ச்சனை, அபிஷேகம், பக்தி, பாவம், நம்பிக்கை. நான் ரப்பர்த் தோட்டத்துக் கூலி வீட்டு லயத்திலிருந்து படித்து மேலே வந்தவள். பிள்ளைகளிடம் நான் தமிழில் பேச, அவர் மலாயில் பேச, எங்கள் இருவருக்குள் என் அரைகுறை மலாயில் குடும்பம் நன்றாகவே நடந்தது. அவர் படகுத்துறையில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருந்தார். சாந்தமான மனிதர். மூக்கின் மேல் கோபம் வைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், சீன வைத்தியரிடமும் போனோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளைக்கார டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெஸ்ஸரிடம் மெல்ல ஏதோ சொல்லிவிட்டுப் போனார். டிரெஸ்ஸர் தமிழர். கட்டிலில் கிடப்பவர் மலாய் பேசுகிறவர், தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவர் தலைமாட்டிலேயே நின்று என்னிடம் சொன்னார்: "டீச்சர், ஈரல்ல கட்டி. முத்திப் போச்சு. நம்பிக்கை இல்ல. வீட்டுக்குக் கொண்டு போயி வேணுங்கிறத குடுங்க."

திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கேட்டிருந்தது. ஒரே ஒரு சொல் புரிந்தும் இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவருடைய அக்கா பார்க்க வந்தார். எனக்கு நாத்தனார், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னதைச் சமையற்கட்டிலிருந்து கேட்டேன். ஆஸ்பத்திரியில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். தன்னிடம் நம்பிக்கை இல்லை என்று டிரெஸ்ஸர் சொல்லிவிட்டாராம். பக்தி இல்லாத உடம்பில் மருந்து ஏறாதாம், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். கோயிலில் கேட்ட சொல்லுக்குக் கோயில் பொருளையே அவர் கொடுத்திருந்தார். வேறு பொருள் ஒன்று இருப்பதை அவர் எங்கே கண்டார்!

நான் உள்ளே போய்த் திருத்தியிருக்கலாம். என்ன சொல்லித் திருத்துவது? உங்கள் பக்தியில் குறை இல்லை, நீங்கள் சாகப்போகிறீர்கள், அவ்வளவுதான் என்றா? அவர் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் தெரிந்தது. பக்தி குறைந்ததால் நோய் என்றால், பக்தியைக் கூட்டினால் குணம். செய்வதற்கு ஏதோ ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். வைகாசித் திருவிழாவில் விநாயகர் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில்வரை அவர் பால்குடம் எடுப்பதாகப் பேச்சு. அதுவரை மீன் இல்லை, கட்டில் இல்லை, தரையில் பாய். மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத மனிதர் வெறும் மோரும் சோறுமாகச் சாப்பிட்டார். அதுவும் வாந்தியாக வந்தது. கால் வீங்கியது. எலும்பு குத்தும் தரையில் புரண்டு புரண்டு படுத்தார்.

உடம்பு பட்ட பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மனம் பட்ட பாட்டைத்தான் பார்க்க முடியவில்லை. வலி கூடும்போதெல்லாம் தன் பக்தியில் எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பித்தார். சின்ன வயதில் சாமி வந்து ஆடியவரைப் பார்த்துச் சிரித்தேனே, அதுவா? ஒரு வருஷம் படையலுக்கு நேரமாகிவிட்டது என்று தீபம் காட்டாமல் சாப்பிட்டோமே, அதுவா? இன்று காலை கும்பிடும்போது நடுவில் ஒரு கணம் வலியை நினைத்துவிட்டேன், அது சந்தேகமா? என்னைக் கேட்பார், நான் ஆசிரியையாம், எனக்குத் தெரியுமாம். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர், கள்ளனைப் போலத் தன்னையே விசாரித்துக்கொண்டு கிடந்தார். எனக்கு மாரியம்மன் மேல் கோபம், டிரெஸ்ஸர் மேல் கோபம், தமிழ் மேலும் கோபம்.

அந்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன். அன்றைக்குப் பாடம் 'அற்புதம்'. இயற்கையின் விதியை மீறி நடப்பது அற்புதம், அது முழு நம்பிக்கை உள்ளவர்க்கே வாய்க்கும் என்று சிலர் சொல்வார்கள் என்று பெரிய கிராணி விளக்கினார். நான் எழுந்து, "வாய்க்காதவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எப்படி?"

"அற்புதம் நடக்காம செத்துப் போறவங்க இருக்காங்களே சார், அவங்க எல்லாம் நம்பிக்கை இல்லாதவங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி டீச்சர். அது ஒரு தனித் தலைப்பு. அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. 'தீமைச் சிக்கல்' என்று பெயர் வைத்தவள் நான். சிக்கல் என்றால் எங்கோ ஒரு நுனி இருக்கும், பொறுமையாக இழுத்தால் அவிழும் என்று ஆகிறது. என் வீட்டுத் தரையில் கிடந்ததற்கு நுனியே இல்லை.

அந்த வகுப்புக்கு மறுநாள் காலை வெந்நீர் வைத்து அவருக்கு உடம்பு துடைத்தேன். முதுகு முழுக்கப் பாயின் அச்சு. துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: பால்குடம் எடுத்தும் குணமாகவில்லை என்றால், பிள்ளைகளிடம் சொல்லாதே, அப்பா சாமியை நம்பாதவன் என்று அவர்கள் நினைக்கக் கூடாது. அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது.

"இங்க பாருங்க" என்றேன். தமிழில் சொல்ல வழியில்லை; தமிழில்தான் எல்லாம் ஒன்றாகிக் கிடக்கிறதே. அவருடைய மலாயில்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மலாய்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், கடவுளை நம்புவதற்கு ஒரு சொல், நாளைக்காகக் காத்திருப்பதற்கு ஒரு சொல். முன்னது பெர்ச்சாயா. பின்னது ஹாராப், அவர்கள் வீட்டில் ஆராப் என்பார்கள்; இல்லை என்பதற்குத் தாடா. "டிரெஸ்ஸர் பெர்ச்சாயாவ சொல்லல. ஆராப்பைத்தான் சொன்னாரு. தாடா ஆராப். ஈரல்ல கட்டி, அதுக்கு மருந்து இல்ல. உங்க பக்தியப் பத்தி அவரு ஒரு வார்த்த சொல்லல."

சாவைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். எவ்வளவு நாள் என்று கேட்பார், பிள்ளைகளை என்ன செய்வாய் என்று கேட்பார். அவர் கேட்டது வேறு.

"புக்கான் சாயா சாலா?"

என் தப்பு இல்லையா, என்று கேட்டார்.

இல்லை என்றேன். இல்லவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் உடம்பில் கட்டிவைத்த கயிறு ஒன்று அவிழ்ந்த மாதிரி தோள் இரண்டும் கீழே இறங்கின. அழுதார். அழுகையிலேயே சிரிப்பும் வந்தது. கட்டிலில் படுக்க வை என்றார், மீன் வாங்கி வா என்றார். பக்கத்துக் கிராமத்து மீன்காரரைப் பிடித்து, புளியும் மிளகாயும் போட்டு அசாம் பெடாஸ் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார், அதற்கு மேல் முடியவில்லை. ஆனால் பல நாளுக்குப் பிறகு அன்று மதியம் அசந்து தூங்கினார்.

திருவிழாவுக்கு முன்பே போய்விட்டார். காரியங்கள் முடிந்த பிறகு நாத்தனார் வாசலில் நின்றபடி கேட்டார், அவனிடம் நீ என்ன சொன்னாய் என்று. மறைக்காமல் சொன்னேன். மீன் கொடுத்ததையும் சொன்னேன். நீ விரதத்தை உடைத்தாய், அம்மன் கைவிட்டாள் என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் தம்பி போய்விட்டான். யார் மேலாவது பழியைப் போட்டால்தானே அவர் எழுந்து நடக்க முடியும்? பாரம் என் மேல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் என்னைத் தேற்றினார்கள். அவரை மனச்சுமை இல்லாமல் அனுப்பினாயே டீச்சர், அது பெரிய காரியம் என்றார்கள். பெரிய காரியம்தான், நானும் தலையாட்டினேன். அவர் நிம்மதியாகப் போனார் என்பது எனக்குத் தெரியும், அந்த முகத்தை நான் பார்த்தேன். ஆனால் எனக்கு அவருடைய நிம்மதி வேண்டியிருக்கவில்லை. எனக்கு அவர் வேண்டும்.