ஓடைக்கு நான் சொன்ன வழி

போன வருடம் சித்திரை மாதம். அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முந்திரித் தோப்பு ஓரமாக வயதான ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். அவருக்குத் தலைசுற்றல். சேலத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். எங்கள் ஊர் ஓடையில் கல்லாகிப்போன கடல் சிப்பிகள் கிடக்கின்றன என்று படித்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நடந்தும் ஓடையைக் காணோம்.

"ஊருக்குக் கெழக்கேன்னு இதுல போட்டிருக்குது கண்ணு" என்று அந்த அம்மா போனை நீட்டினார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம். "எந்தப் புண்ணியவான் எழுதுனானோ!"

அந்தப் புண்ணியவான் நான்தான்.

தையலுக்கு நடுவே போனில் அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. அதில் எங்கள் ஊருக்கு ஒரு பக்கமே இல்லை, நான்தான் தொடங்கினேன். பத்தாவதோடு நின்றவள் எழுதியதை உலகமே படிக்கலாம் என்பதில் அவ்வளவு பெருமை. ஆனால் அந்த ஓடைக்கு நான் போனதே இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியது. ஊர்க்காரர்களுக்கு ஓடை தெரியும், அவர்கள் அதைப் படிப்பதில்லை. படிக்கிறவர்களுக்கு ஓடை தெரியாது. தப்பு அப்படியே இருந்துவிட்டது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வியர்த்து வெளுத்திருந்த அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"ஐயா, அத எழுதுனது நாந்தாங்க. மன்னிச்சிருங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். "நீயாம்மா? நல்லாத்தான் எழுதியிருக்கற. திசைதான் தப்பு."

ஆட்டோ வைத்து வீட்டுக்கு அழைத்துப்போய் மோரும் சோறும் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். வெயில் தாழ்ந்ததும், ஆடு மேய்க்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வழி கேட்டேன். "அது மேக்கால இருக்கு. என்னத்த எழுதுன போ!" என்று சிரித்தவர், எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஓடைக்கரையில் சிப்பியைக் கண்டதும் ஆசிரியர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். கையில் எடுக்கவில்லை, தடவித் தடவிப் பார்த்தார். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா காலை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். "தெனமும் இத மிதிச்சிக்கிட்டுல்ல போறேன்!"

அங்கேயே நின்று அந்த வரியைத் திருத்தினேன். மறுநாள் பார்த்தால், முகம் தெரியாத யாரோ ஒருவர் என் எழுத்துப்பிழைகளைச் சரிசெய்து வைத்திருந்தார்.

அதில் யார் வேண்டுமானாலும் தப்பாக எழுதிவிடலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் எழுதுவதை விடவில்லை. எந்த இடமானாலும் ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் போடும் ஒரு வார்த்தையை நம்பி யாரோ பஸ் ஏறக்கூடும் என்கிற பயம் இன்னும் இருக்கிறது, அந்தப் பயம் எனக்குப் பிடித்தும் இருக்கிறது.