கழி நின்ற இடம்

ஏரியின் படத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறவர்கள் முதலில் சண்டைக்குத்தான் வருவார்கள்.

"ஏரி எங்கேம்மா?"

"போயிருக்கு. மழைக்குத் திரும்பி வந்துடும்" என்பாள் மில்கா, ஏதோ சந்தைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஸ்லோவேனியாவில் செர்க்னிட்சா ஏரி அப்படித்தான். வசந்தத்தில் படகு ஓடும். கோடையில் தரையிலுள்ள குழிகள் வழியே வடிந்துவிட்டால் அங்கேயே புல் அறுப்பார்கள். மர அறுவை ஆலையில் இருபத்தாறு வருஷம் பலகை அடுக்கிய மில்கா, ஓய்வு பெற்றபின் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். பேருந்து போகாத ஓரங்கள், ஜில்லென்று காற்று வீசும் குகை வாய்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளும் கணவன் ரூடியும் சேர்ந்து போனவரை அது வேலையாகவே தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச் மாத மூடுபனியில், ரூடி படகிலிருந்து விழுந்தான். படகு தள்ளும் கழி சேற்றில் மாட்டிக்கொள்ள, அவன் கழியைப் பிடித்துத் தொங்கினான், படகு காலடியிலிருந்து நழுவிப் போய்விட்டது. "பெரிய குழி என்னை இழுத்துச்சு, மில்காதான் கரையிலேருந்து நீந்தி வந்து தூக்கினா" என்று ஊரெல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு ஏரிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அடுப்படி பெஞ்சே கதியென்று கிடந்தான். அந்த மனுஷனைத் திரும்ப வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் மில்காவின் ஒரே கவலை.

இரண்டு கோடையும் மழை, ஏரி வற்றவே இல்லை. இந்த ஆகஸ்டில் வற்றியது. மில்கா விடிந்ததும் தனியாகப் போய், நாணலுக்குள் நின்ற கழி ரூடியின் கண்ணில் படக்கூடாதென்று அதைப் பிடுங்கப் பார்த்தாள். இம்மிகூட அசையவில்லை. கழியிலிருந்து குழி நாற்பது அடி தள்ளி இருந்தது. ரூடி விழுந்தது நெஞ்சளவுத் தண்ணீரில். எழுந்து நின்றிருந்தால் போதும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, வருவது வரட்டும் என்று வீட்டுக்கு வந்தாள்.

"ரூடி, நாலு பேரு வர்றாங்க. என் முட்டி மக்கர் பண்ணுது. நீயும் வா."

"நானா? ஆளை விடு."

"சொட்டுத் தண்ணி இல்லைய்யா. புல்லுல முங்கிடுவியா?"

முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸை மாட்டினான்.

விருந்தாளிகள் பூப்பறிக்கப் பின்தங்க, ரூடி நாணலை விலக்கியதும் நின்றான். தன் கழி அவனுக்குத் தெரியாதா? கழியைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். கழியருகே போய், அதில் படிந்திருந்த நீர்க்கறைக்கு நேராகத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"மில்கா... நீ நீந்தியா வந்தே?"

"நடந்துதான் வந்தேன். பூட்ஸைக்கூடக் கழட்டல."

"ரெண்டு வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஊரே சிரிச்சிருக்கும். நீ ஏற்கெனவே செத்துப் பொழைச்ச முகமா இருந்தே."

ரூடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சிரித்தான். மில்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணும் கலங்கியது.

பிறகு அவன் எழுந்து குழிவரை ஒவ்வொரு அடியாக எண்ணி நடந்தான். விளிம்பில் குனிந்தான். அடி தெரியாத இருட்டு. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இந்த முறை சிரிக்கவில்லை.

"நாப்பதே அடி" என்றான்.

"அதுக்குத்தான் தினமும் கடவுளைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் அவள் கையைப் பற்றிக்கொண்டான். "பனியில உனக்கும் குழி எங்கேன்னு தெரிஞ்சிருக்காதே. ஆழம் தெரியாமத்தானே நீயும் இறங்கினே?"

மில்கா அவன் விரல்களை இறுக்கிக்கொண்டாள். விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

"ஏரி எங்கே ஐயா?" என்றாள் ஒருத்தி.

"இதுதாம்மா" என்றான் ரூடி, கையை விடாமல். "நெஞ்சளவுத் தண்ணியில நான் முங்கின இடம் இது. இவ நடந்து வந்து தூக்கினா. வாங்க, கழியைக் காட்டுறேன்."