ஜௌபர் கோச்சின் முதல் சீசனும் நான் திருப்பி எடுத்த கடிதமும்

ஜௌபர் கோச் போய்விட்டார். இன்று விடிய, மெல்பேர்ண் மல்கிரேவில், தன் சொந்தக் கட்டிலில். நித்திரையிலேயே.

அவருடைய மனைவி போனில் சொன்னபோது நான் அழவில்லை. "அப்பாடா" என்றுதான் வாயில் வந்தது... அவவும் அதையேதான் சொன்னா. கடைசி மாதங்களில் ஒரு மூச்சுக்கு அந்த மனிதர் பட்ட பாடு அப்படி.

என்னோடு படிப்பித்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில், நான் கணக்குப் படிப்பித்த கொலிஜுக்கு உதைபந்தாட்ட ஹெட் கோச்சாக வந்தவர். இலங்கை, புத்தளத்துக்காரர். அந்த ஸ்டாஃப் ரூமில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள்.

அதற்காக நான் அவரோடு குழைந்தேன் என்று நினைக்க வேண்டாம். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஷேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் வரும் ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் உதைபந்தாட்ட ரீம் முந்தின வருஷம் ஒரு மட்சும் வெல்லவில்லை. ஒரு சீசன் பார்ப்போம், சரிவராவிட்டால் அனுப்பிவிடுவோம் என்றுதான் பிரின்சிபல் அவரை எடுத்திருந்தார். அந்த வேலையை நம்பித்தான் ஜௌபர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மெல்பேர்ணுக்குக் கூப்பிட்டிருந்தார்.

வந்த கையோடு பெடியள் வெல்லத் தொடங்கினார்கள். யாருக்கும் நம்ப முடியவில்லை.

ஜூன் மாதம். ரமழான் நோன்பு வந்தது. நோன்பைப் பிடித்தபடியே ஜௌபர் அந்தக் குளிரில் பெடியளோடு ஓடுவார். பொழுது பட்டதும் மைதானக் கரையில் நின்று ஒரு பேரீச்சம்பழம், பிளாஸ்கில் கொஞ்சம் கஞ்சி. அவ்வளவுதான்.

அந்தக் கிழமை ஒரு கிரேக்கத் தாய் எனக்குப் போன் எடுத்தா. மகனின் லஞ்ச் பெட்டி திறக்காமலே வீட்டுக்கு வருகிறதாம். அடுத்த நாள் ஒரு வியட்நாம் தகப்பன், அதே முறைப்பாடு. இரண்டு பெடியளும் ஜௌபரின் ரீம்.

வியாழக்கிழமை, என் பாடம். அந்தக் கிரேக்கப் பெடியன் நிக், எங்கள் கோல் கீப்பர், கதிரையோடு சரிந்து விழுந்தான்.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கோச் பிள்ளைகளையும் நோன்பு பிடிக்க வைக்கிறார்... முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிக்கை நேர்சிடம் அனுப்பிவிட்டு, மணி அடித்ததும் பிரின்சிபலுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். இவரை உடனே நிறுத்த வேண்டும் என்று. பிரின்சிபல் அன்று வெளியே போயிருந்தார், அறை பூட்டு. கதவுக்கு அடியால் கடிதத்தைத் தள்ளிவிட்டு, கடமையைச் செய்த திருப்தியோடு காருக்கு நடந்தேன்.

மைதானக் கரையில் ரீம் முழுக்க மர வாங்கில் வரிசையாக இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வாய் நிறைய. நிக்கும் அதற்குள். முன்னால் ஜௌபர், கையில் பட்டர் கத்தியோடு.

"என்ன இது?" என்றேன்.

"கேளுங்க ரீச்சர் இவனுகள்ட்ட! கோச் தின்னல்ல, நாங்களும் தின்ன மாட்டோமாம். ஒரு கிழமையா எனக்குத் தெரியாம பட்டினி. நீங்க நிக்க நேர்ஸ்ட அனுப்பினதாலதான் எனக்கே தெரிஞ்சது. எனக்கு அல்லா சொன்னது, உங்களுக்கு யாருடா சொன்னதுன்னு கேட்டா ஒருத்தன்ட வாயும் தொறக்குதில்ல!"

நிக்குக்கு வாய் திறந்தது. "மிஸ், கோச் சாப்பிடாமலே எங்களைவிட வேகமாக ஓடுகிறார். அதனால்தான் அந்த வேகம் வருகிறதோ என்று பார்த்தோம்."

"ஈட்!" என்று பாணைக் காட்டி அதட்டினார் ஜௌபர்.

இன்னும் பொழுது படவில்லை. தான் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த மனிதர் அவர்களுக்குப் பாணில் பட்டர் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி நடந்தேன். நடந்தேனா... ஓடினேன். சேலையோடு.

கரும்பலகையில் கோடு போடும் நீட்டு அடிமட்டத்தை வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, பிரின்சிபல் அறை வாசலில் முழந்தாளிட்டேன். மாதா கோயிலுக்கு வெளியே நான் முழந்தாளிட்டது அன்று ஒரு நாள்தான்.

முதல் இழுப்பில் கடிதம் இன்னும் உள்ளே போனது. கூட்ட வந்த பெண், "என்ன தொலைந்தது மிஸ்?" என்று கேட்டா. "தோடு" என்றேன். கூசாமல்.

மூன்றாம் இழுப்பில் ஒரு மூலை வெளியே வந்தது. கடிதத்தை உருவி எடுத்து, நாலாக மடித்து, ஹேண்ட்பேக்கின் அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கிண்ணம் எங்களுக்கு. ஜௌபருக்கு வேலை நிரந்தரம். வெற்றி விருந்தில் அவர் மைக்கைப் பிடித்து, பெடியளின் பசியை முதலில் கவனித்தது கணக்கு ரீச்சர்தான் என்று சொல்லி, என்னை எழுப்பி நிற்க வைத்து எல்லோரையும் கைதட்ட வைத்தார்.

என் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "சொல்லிப்போடும். இல்லாட்டி உமக்கு அந்தக் கேக் இறங்காது" என்றார் காதுக்குள்.

சொல்லவில்லை. கௌரவம். கணவர் காலமான பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஜௌபர் வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பம் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டியோடு மூடி வைத்துவிடுவேன்.

போன வியாழன்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

ஜௌபர் சிரிக்கத் தொடங்கினார். மூக்கிலிருந்த குழாய் ஆடியதில் மனைவி ஓடி வந்தா. "அந்தக் கடிதத்த விட்டிருக்கலாமே ரீச்சர்... இவ்வளவு வருஷக் குளிருக்குத் தப்பியிருப்பேனே!" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். நான் இலகுவில் யாரிடமும் சொல்லாத சொல்.

"என்னத்துக்கு? தள்ளினதும் நீங்க, எடுத்ததும் நீங்க. எனக்கிட்ட அது வரவே இல்லையே."

அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்று பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் அவர் மனைவியோடு வீட்டில் இருப்பேன்.

நான் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டும்விட்டீர்கள். போயிட்டு வாங்கோ, ஜௌபர்.