கையெழுத்து ஷிப்ட்

"குந்திகினு செய்யறதெல்லாம் ஒரு வேலையா? அதுல உனுக்கு எங்க ஒடம்பு நோவப் போவுது?"

டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததைச் சொல்ல, குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது அம்மா இப்படிக் கேட்டாள். கேலி இல்லை. நாற்று நட்டே முதுகு வளைந்தவளுக்கு உண்மையாகவே சந்தேகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

நெய்வேலியில், சுரங்க வேலைக்குக் கூலி ஆள் அனுப்பும் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு வேலை. ஒரு நர்ஸோடு சேர்ந்து அறை எடுத்திருந்தேன். அவளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். கொடியில் ஈரப் புடவை தொங்கினால் வந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். பக்கத்து பிளாக்கில் மதுரைத் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் கேட்கும். என்னிடம் பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

எனக்கு ஒரே குறிதான்: தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. தேறினால் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம், பர்மனென்ட் ஆகலாம். ஆபீசில் இருந்தது ஆங்கில மெஷின். தமிழ் மெஷினில் பழக இன்ஸ்டிடியூட்டில் எனக்குக் கிடைத்திருந்தது மாலை ஆறு மணி.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஊருக்கு நல்லது செய்யத் தொடங்கியது. தன்னிடம் கூலி வேலை பார்க்கும் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு, தினமும் ஆறிலிருந்து எட்டு வரை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீதாம்மா சரி. ஒன்னப் பார்த்தா அதுங்களுக்கும் படிக்க ஆசை வரும்."

அந்தப் பேச்சில் விழுந்தேன். வருகைத் தாளின் தலைப்பை நானே அடித்தேன்: வாலண்டரி சர்வீஸ். அதன் கீழே தினமும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம்தானே என்று இன்ஸ்டிடியூட்டை நிறுத்தினேன். மூன்று மாதம் ஓடிவிட்டது. அறையில் கண்ணை மூடி மேஜைமேல் அடித்துப் பார்த்தால், 'ழ' இருக்கும் இடம் விரலுக்குத் தெரியவில்லை.

வகுப்புக்கு அந்தப் பெண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "மொத ஷிப்டு முடிஞ்சுது, இப்ப கையெழுத்து ஷிப்டு" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். நானும் சிரிப்பேன். ஒருத்திகூட நிற்காமல் வருவது என் பாடம் பிடித்துத்தான் என்று நம்பினேன்.

ஒருநாள் ஒருத்தி சிலேட்டின் மேலேயே தூங்கிவிட்டாள். எழுப்பி, "தூக்கம் வந்தா வீட்டுக்குப் போறதுதானே?" என்றேன் கடுப்பாக.

"போனா நாளிக்கு வேலைக்கு வராதங்கறாருங்க மேஸ்திரி. வூட்ல புள்ளைங்க பசியோட குந்திகினு இருக்குதுங்க, டீச்சரம்மா."

பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். "எம்பேர எழுத வந்து ரெண்டு மாசம் ஆவுது. இன்னும் எழுதினா பேரே தேஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தூங்கியவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் அப்பிடித்தானுங்களா?"

இல்லை, நானாக வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வருகைத் தாளின் தலைப்பு கண்ணில் பட்டது.

அறைக்குப் போய் அகராதியைப் பிரித்தேன். வாலண்டரி: தானே விரும்பிச் செய்கிற. யாரிடமாவது அதைக் காட்ட வேண்டும் போலிருந்தது. கொடியில் புடவை தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். "வகுப்ப நாலு மணிக்கு, வேலை நேரத்துலயே வையுங்க சார். சந்தோஷமா எடுக்கறேன்."

"வேலை நேரத்துல செஞ்சா அதுக்குப் பேரு சேவையாம்மா?" என்றார். "நாலு எழுத்துப் படிச்சதும் திமிர் வந்துடுது."

"அந்த நாலு எழுத்துல வாலண்டரிக்கு அர்த்தம் பார்த்தேன் சார். ஆறு மணிக்கு எனக்கு விருப்பமில்ல."

அன்றைக்குள் ஆபீசில் எல்லோரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வகுப்புக்கு ஒரு குமாஸ்தாவைப் போட்டார்கள். அந்தப் பெண்களுக்கு ஒன்றும் மாறவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மேனேஜரிடம் பேசிய அன்று மாலை ஆறு மணிக்கு இன்ஸ்டிடியூட் படியேறினேன். என் பழைய மெஷினில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம், ரிப்பன் மங்கிய ஒன்று காலியாக இருந்தது. தாளைச் செருகி முதல் வரியை அடித்தேன். மூன்று பிழை. தாளை மாற்றினேன்.