கார்டு என் கழுத்தில் கிடந்தபோது

நாடா கோத்த மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை அது. ஒரகடத்தில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அதைக் 'கார்டு' என்போம். வரிசையாக உட்கார்ந்து பொருள் சேர்க்கும் ஒரு லைனுக்கு ஒன்றே ஒன்று. அதை மாட்டிக்கொண்டவள்தான் பாத்ரூம் போகலாம். அவள் திரும்பும்வரை அவள் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் ரிலீவர். டீ இடைவேளையில் போகலாமென்றால், பாத்ரூம் வாசல் வரிசை நகர்வதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே கார்டுதான் கதி. அது ரிலீவர் கழுத்தில் கிடக்கும். யாருக்கு எப்போது கொடுப்பது என்பது அவள் இஷ்டம்.

எங்கள் லைனில் ரிலீவராக இருந்த அக்கா பக்கத்துக் கிராமத்துக்காரி. யாராவது கையை உயர்த்தினால் போதும், "இன்னாடி, இப்பத்தான போய்ட்டு வந்த? லைன் நின்னா உங்கப்பனா வந்து பதில் சொல்வான்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்துவாள். மானமே போய்விடும். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல் அறைக்குத் திரும்பியதும் அவளைப் பிரித்து மேய்வோம். புருஷன் குடிகாரன், அந்த எரிச்சல் என்பாள் ஒருத்தி. வெளியூர்க்காரிகளைக் கண்டாலே ஆகாது என்பாள் இன்னொருத்தி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த சின்னவள், "போன ஜென்மத்துல நாமதான் ஏதோ பாவம் செஞ்சிருக்கோம்க்கா" என்பாள். "கடவுள் நல்லவர்னா இவளை எதுக்குப் படைச்சாரு?" என்று கேட்டது நான். பெரிய ஞானி என்ற நினைப்பு எனக்கு.

அந்த அக்கா வேறு லைனுக்கு மாறிப்போக, கார்டு என்னிடம் வந்தது. அவளைப் போல் இருக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். யாரையும் அதட்டியதில்லை. சூப்பர்வைசரும் கெட்டவர் இல்லை. "லைன் நிக்காம பாத்துக்கம்மா" என்பார், அவ்வளவுதான். ஆனால் தினமும் அதே வேலையைச் செய்பவளின் கைவேகம் ரிலீவருக்கு வராது. நான் உட்கார்ந்தால், எத்தனை முடிந்தது என்று காட்டும் போர்டில் எண்ணிக்கை குறையும். அதனால் யாராவது கையை உயர்த்தினால், "கொஞ்சம் பொறுத்துக்கடா செல்லம், இந்த ட்ரே முடியட்டும்" என்பேன். ட்ரே முடியும், அடுத்தது வரும். அவளும் வேலையில் குனிந்துகொள்வாள். ஷிப்ட் முடிவில் எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் என்னைப் பாராட்டுவார். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. எவ்வளவு அசிங்கமான சுகம் அது!

சின்னவள் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். பாட்டிலை நிரப்பாமல் அறையிலேயே வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவதைப் பார்த்தேன். ஏனென்று கேட்டால் பதில் என் பக்கம் வந்து நிற்கும் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தாள். சிறுநீரில் தொற்று, சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார் டாக்டர். அவள் அப்பா வந்து ஊருக்கு அழைத்துப் போனார்.

பிறகுதான் அந்த அக்காவைப் பற்றி ஒன்று உறைத்தது. கத்தி முடித்ததும், "இந்தா புட்ச்சிக்கோ, ஓடிப் போய் ஓடியா" என்று கார்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். ஒருத்தியையும் போகவிடாமல் வைத்ததில்லை. கெட்டது என்றால் கத்தும், முறைக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தோம்! என்னுடையது செல்லம் கொஞ்சியது. அந்த இடம் என்னைக் கெடுத்ததா, எனக்குள் கிடந்ததற்கு ஓர் இடம் கிடைத்ததா? பழியைக் கம்பெனி மேல் போட்டுப் பார்த்தேன். பாதிதான் நிற்கிறது. அதே இடத்தில்தானே அவளும் நின்றாள்.

இப்போது கல்யாணமாகித் தண்டலத்தில் இருக்கிறேன். சின்னவள் அவ்வப்போது போன் செய்வாள். மாத்திரை இன்னும் நிற்கவில்லை. போன வாரம் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "அந்த ரிலீவர் அக்கா ஞாபகம் இருக்கா? அது கையிலயே கார்டு இருந்திருந்தா நான் செத்தே போயிருப்பேன்க்கா. நல்லவேளை, நீங்க வந்தீங்க."

"ஆமாடி" என்றேன்.